யானை இல்லாத தீவில்

நாங்கள் அந்தமான் போகிறோம் என்று சொல்லப் போனபோது, நான் பிறந்த சிலமலையில் என் அண்ணன் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். எத்தனை நாள், யார் யார் என்று எதையும் அவர் கேட்கவில்லை. "சுத்தித் தண்ணியா கெடக்குமே தாயி, ஒண்ணுன்னா எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்றார். கேட்டுவிட்டு மடையைத் திருப்பப் போய்விட்டார். அவருக்கு அதோடு முடிந்தது. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் கெட்டது.

பொதுவாகவே எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். போடியிலிருந்து மதுரைக்குப் பஸ்சில் போனால்கூட டிரைவருக்கும் சேர்த்து நான்தான் காலால் பிரேக் போட்டுக்கொண்டு வருவேன். இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்கும்.

எல்லாம் மூத்தவள் நிவேதாவின் ஏற்பாடு. சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பிடிவாதம். இந்த வீட்டில் ஏலக்காயைத் தவிர வேறு பேச்சே கிடையாதாம். வாழ்நாளில் ஒரு தடவையாவது நாலு பேரும் சேர்ந்து கடலில் இறங்கி, சாகசமாக ஏதாவது செய்ய வேண்டுமாம். என் வீட்டுக்காரர் முருகேசனுக்குப் போடிமெட்டைத் தாண்டி மலையில் கொஞ்சம் ஏலத்தோட்டம். வீடு போடியில். வருஷத்தில் பாதி நாள் அவர் மேலே, நாங்கள் கீழே. காய் எடுப்பு முடிந்து, செடிக்குக் கோடை மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் மே மாதத்தில்தான் அவருக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம். சின்னவள் இனியாவும் ஏழாம் வகுப்புப் பரீட்சை முடித்து வீட்டில் இருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

பெட்டி கட்டும்போது நான் ஸ்வெட்டர்களை வைத்தேன், நிவேதா எடுத்து வெளியே போட்டாள். அட்டைப்பூச்சிக்காக எப்போதும் வைத்திருக்கும் புகையிலையும் உப்பும் கட்டிய துணி முடிச்சை வைத்தேன், அதையும் எடுத்துப் போட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் முடிச்சை மறுபடி உள்ளே சொருகினேன். காடு என்று ஒன்று இருந்தால் அட்டை என்று ஒன்று இருக்கும், அது என் நம்பிக்கை. ஒரு பை நிறைய ஏலக்காய் எடுத்துக்கொண்டதை மட்டும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. போடிக்காரர்கள் வெளியூர் போனால் பையில் காய் இல்லாமல் போவதில்லை.

போர்ட் பிளேரிலிருந்து நீல் தீவுக்குக் கப்பல். ஜன்னலெல்லாம் மூடிய, குளிரூட்டிய கப்பல். கரை மறைந்ததும் அது ஆட ஆரம்பித்தது. போடிமெட்டு ரோட்டில் ஏறும்போது ஒவ்வொரு வளைவும் முன்னாலேயே தெரியும், வயிற்றைத் தயார் செய்துகொள்ளலாம். கடலில் வளைவு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வாழ்க்கை முழுக்க ஜீப்பில் அந்த மலையேறி இறங்கிய என் வீட்டுக்காரர், கப்பல்காரர்கள் கொடுத்த காகிதப் பையை முதலில் வாங்கியவர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயந்துகொண்டிருப்பதில் எனக்கு வாந்தி எடுக்க நேரமில்லை. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு வடநாட்டு அம்மா தன் பையனிடம், "வெளியே பார்க்காதே, அப்பாவைப் பார், அப்பா எவ்வளவு தைரியமாக இருக்கிறார்" என்று இந்தியில் சொன்னதாக நிவேதா காதில் சொன்னாள். நான் எட்டிப் பார்த்தேன். அந்த அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு முன் சீட்டின் முதுகைக் கட்டிப்பிடித்திருந்தார்.

தீவில் இறங்கியதும் என் வீட்டுக்காரருக்கு உயிர் வந்தது. கடலைப் பார்த்து அல்ல, வயலைப் பார்த்து. கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் நெல் அறுத்த தாளடி, கத்தரி, புடலைப் பந்தல், பாக்கு, வாழை. அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளத்து விவசாயிகளாம். "ஏ ஈஸ்வரி, நம்ம தேவாரத்துப் பக்கம் மாதிரியில்ல இருக்கு" என்று ஒவ்வொரு வரப்பிலும் நின்றார். தங்கிய விடுதியின் சொந்தக்காரரிடம் அவர் முதலில் கேட்கச் சொன்னது குளியலறையில் வெந்நீர் வருமா என்பதை அல்ல. ராத்திரி வாழைக்குள் யானை இறங்குமா என்பதை. நிவேதா வெட்கத்தோடு மொழிபெயர்த்தாள். அந்த மனிதர் சிரித்தார். இந்தத் தீவில் யானையே கிடையாது, பெரிய பிராணி என்றால் மாடுதான் என்றார்.

என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "இம்புட்டு வாழை இருக்கு, ஆனை இல்லையா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். "குடுத்து வச்சவங்க." போடிக்குப் பக்கத்தில் அந்தத் தேவாரத்தில் அவருடைய சிநேகிதர் ஒருவர் போன வருஷம் யானையால் ஒரே ராத்திரியில் வாழைத்தோப்பை இழந்திருந்தார்.

மறுநாள் காலையில் கடற்கரை ஓரம் ஒரு தென்னங்கீற்றுக் கடையில் டீ குடித்தோம். கடைக்காரப் பெண்ணின் பெயர் மினோதி. எல்லோரும் தீதி என்று கூப்பிட்டார்கள், அக்கா என்று அர்த்தமாம். அடுப்பில் பெரிய அலுமினியச் சட்டியில் டீ கொதித்துக்கொண்டே இருந்தது. இஞ்சி போட்டிருந்தாள், காய் போடவில்லை. எனக்குக் கை நிற்குமா? பையிலிருந்து நாலு காயை எடுத்து நசுக்கிச் சட்டியில் போட்டுவிட்டேன். அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். பிறகு ஆவியில் முகத்தை வைத்து மோந்து பார்த்து ஏதோ சொன்னாள். "கடையில் வாங்குகிற ஏலக்காய் செத்துப்போன பிறகுதான் இங்கே வந்து சேர்கிறது, இது உயிரோடு இருக்கிறது என்கிறார்" என்றாள் நிவேதா. அந்தத் தீவில் எனக்குப் பிடித்த முதல் ஆள் மினோதிதான். இருந்த நாளெல்லாம் மற்றவர்கள் கடலுக்குப் போக, நான் அவள் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வேறெதுவும் தெரியாது. இரண்டு பேரும் நிறையப் பேசினோம். மத்தியானம் கடுகு அரைத்து வைத்த மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றினாள். முதல் வாயில் மூக்கு எரிந்தது, மூன்றாம் வாயில் இன்னும் கேட்டேன்.

தீவைச் சுற்றிப் பார்க்க ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தார்கள். நிவேதா பின்னால் இனியா, இவர் பின்னால் நான். மலைரோட்டுப் பழக்கம், ஒவ்வொரு வளைவுக்கும் இவர் விடாமல் ஹாரன் அடித்தார். அது சமதளத்து ரோடு, எதிரே வருகிற நாய்கூட அரை மைலுக்கு முன்பே தெரியும். ஹாரன் கேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக் கும்பிட்டார்.

அன்று மத்தியானம் காயல் ஓரத்தில் துடுப்புப் படகு. நிவேதாவும் இனியாவும் ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அலையாத்தி மரங்களுக்குள் புகுந்து மறைந்தார்கள். எங்கள் நாலு பேரில் நிவேதாவுக்கு மட்டும்தான் நீச்சல் தெரியும். நான் கரையில் நின்று, மரத்துக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்காதபோதெல்லாம் கூவினேன். இனியா பதில் கூவினாள். கரையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மலையில் நாங்கள் இப்படித்தான் ஆள் இருக்கிற இடத்தைத் தெரிந்துகொள்வோம் என்று அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

மலையில் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது அதிகமில்லை. முதலாவது மஞ்சு. மேகம் கீழே இறங்கித் தோட்டத்தை மூடுவதைத்தான் மஞ்சு என்போம். நீட்டிய கை தெரியாது. அப்போது இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கொட்டகையில் இருப்பவர்கள் கூவுவார்கள், உட்கார்ந்தபடியே பதில் கூவ வேண்டும். அந்தக் குரலை நம்பி எழுந்து நடக்கக் கூடாது. மஞ்சுக்குள் குரல் திசை மாறிக் கேட்கும். சிலமலைக்காரியான எனக்குக் கல்யாணமான புதிதில் இது தெரியாது. முதல் மஞ்சிலேயே எழுந்து நடந்தேன். காய் எடுக்க வந்திருந்த பேச்சியக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "உக்காரு ஆத்தா. உக்காந்தவுகளத் தேடிப்புடலாம், நடந்தவுகளத் தேட முடியாது" என்றார். மஞ்சு விலகியபோது பார்த்தால் என் காலுக்குக் கொஞ்சம் முன்னால் ஓடைச் சரிவு. அன்று பிடித்த பயத்தை என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடக்கப் பழகும்போதே ஊட்டிவிட்டேன். மஞ்சு இறங்கினால் நகரக் கூடாது, யாராவது வருவார்கள்.

இரண்டாவது தகரம். கொட்டகையில் ஒரு பழைய எண்ணெய்த் தகரம் தொங்கும். யானை வந்தால் அதைத் தட்டுவோம். தகரம் கேட்டுவிட்டால் மற்ற விதியெல்லாம் ரத்து. மஞ்சோ மழையோ, கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தகரம் கேட்கிற பக்கமாக ஓடி வந்துவிட வேண்டும். சத்தம் இருக்கிற பக்கம் யானை வராது. பள்ளத்துக்குப் பயந்துகொண்டு யானைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க முடியாதில்லையா? அதனாலேயே தகரத்தைச் சும்மா தொடக் கூடாது. விளையாட்டுக்குத் தட்டிவிட்டு அடி வாங்காமல் தப்பிய பிள்ளை எங்கள் தோட்டத்தில் கிடையாது.

அதற்கடுத்த நாள்தான் பவளப்பாறை. கடல் உள்வாங்கும் நேரத்தில் கரையிலிருந்து வெகுதூரம் பாறைத்தரை வெளியே தெரியும். அதன் மேல் நடந்து போய்க் குழிகளில் தேங்கிய தண்ணீரில் மீன், நண்டு, நட்சத்திரம் எல்லாம் பார்க்கலாம். கூட்டிப்போக ரத்தன் என்று ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், நிதானமான மனிதர். உயிருள்ள பவளத்தை மிதிக்கக் கூடாது, தான் விசில் ஊதினால் உடனே திரும்பிவிட வேண்டும், கரைக்கும் பாறைக்கும் நடுவில் தாழ்வான ஒரு பள்ளம் இருக்கிறது, தண்ணீர் ஏறும்போது முதலில் நிறைவது அதுதான் என்றார். எல்லாம் இந்தியில். நிவேதா தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவரும் இனியாவும் பாறையில் இறங்கிவிட்டார்கள்.

ரத்தன் முதல் குழியிலேயே ஒரு கடலட்டையைக் காட்டினார், அதுதான் வினை. கறுப்பாக, முழங்கை நீளத்துக்கு. மலையில் சுண்டுவிரல் நீள அட்டையோடு மல்லுக்கட்டியே காலம் கழித்தவருக்கு இதைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. "ஈஸ்வரி, ஒன் உப்பு முடிச்ச எடுத்தா, அட்டை வந்திருக்கு" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். இதைவிடப் பெரியது தூரத்தில் அந்தக் குடைப்பாறை பக்கம் இருக்கும் என்று யாரோ சொல்ல, அப்பாவும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவருடைய போன் நனைந்துவிடக் கூடாதென்று என் பையில் இருந்தது. நான் மினோதியின் பெஞ்சில் இருந்தேன். இரண்டு புள்ளிகளாக அவர்கள் பாறையைச் சுற்றித் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை கடலிலிருந்து வந்தது. எங்கள் ஊரில் மழை மலையிலிருந்து இறங்கும், வருவது தெரியும், வடாகத்தை எடுத்து உள்ளே வைக்க நேரமிருக்கும். இங்கே ஒரு வெள்ளைச் சுவர் நகர்ந்து வந்தது, அவ்வளவுதான். ரத்தனின் விசில் ஒரு தடவை கேட்டது. பிறகு காற்றும் மழையும். பாறைமேல் இருந்தவர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கப்பலில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வடநாட்டு அம்மா, பையன், கண்ணை மூடிய அப்பா. செல்போனைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நிவேதா. ஆட்டை மந்தையில் சேர்ப்பதுபோல் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு ரத்தன். கடைசியாக வந்தவர் காலை உதறியபோது, முழங்காலுக்கு மேல் ஈரம்.

இரண்டு பேர் வரவில்லை.

ரத்தன் பதறவில்லை. மழை வந்தால் எவரும் கரையைப் பார்த்துத்தானே ஓடி வருவார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்றார். நிவேதா அதை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் கடலைப் பார்த்தேன். கடல் இல்லை. கரையில் நின்ற படகு இல்லை. வெள்ளையாக, வாசலில் திரை கட்டியதுபோல் நின்றது. போடிமெட்டுக்கு மேலே நான் வருஷம் முழுக்கப் பார்க்கிற வெள்ளை.

நிவேதாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நிவி, அவரு வர மாட்டாருடி" என்றேன். "மஞ்சுன்னு உக்காந்திருப்பாரு."

அவள் முகம் மாறியது. அவளும் என்னிடம் வளர்ந்தவள்தானே. ரத்தனிடம் திரும்பிப் படபடவென்று சொன்னாள். அவர் அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னார். தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துவிட்டார். தண்ணீர் ஏறும்போது ஒரு மனிதன் உட்கார்ந்திருப்பானா என்று கேட்டார். எங்கள் ஊரில் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லச் சொன்னேன். அவர் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு கடைக்குள் ஓடி ஒரு டயர் டியூபையும் கயிற்றையும் எடுத்து வந்தார். ஆனால் எந்தப் பக்கம் இறங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை. குடைப்பாறையே கண்ணில் இல்லை.

நான் தண்ணீர் ஓரத்துக்குப் போய் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூவினேன். மலையில் கூவுகிற கூவல். காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. மறுபடி கூவினேன். ரொம்பத் தூரத்திலிருந்து, மெல்லியதாக, அவருடைய குரல் பதில் கூவியது. கூடவே இனியாவின் குரலும்.

நிவேதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் குரலில் பதற்றமே இல்லை. இங்கேதான் இருக்கிறோம், ஆள் அனுப்பு என்கிற குரல் அது. அவர் விதிப்படி உட்கார்ந்திருக்கிறார். குரல் கேட்டாலும் எழுந்து வரக் கூடாது என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். ஓடி வா, எழுந்து வா என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்றில் அந்தத் தூரம் வார்த்தை போகாது. மறுபடியும் அதே நிதானமான பதில் கூவல்தான் வந்தது. என் பாதத்தில் இருந்த தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது.

ரத்தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குரல் வந்த பக்கமாக இறங்கினார். கொஞ்சம் போனதும் நின்றார், வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். அவருக்கும் குரல் திசை மாறிக் கேட்கிறது.

என் வீட்டுக்காரரை எது எழுப்பும்? கல்யாணமானதிலிருந்து பார்த்து வருகிறேன். மஞ்சுக்குள் உட்கார்ந்த அந்த மனிதரைச் சாப்பாடு எழுப்பாது, மழை எழுப்பாது, அட்டைக்கடிகூட எழுப்பாது. ஒன்றே ஒன்றுதான் எழுப்பும்.

கடைக்கு ஓடினேன். மினோதியின் சட்டி அடுப்பில் இருந்தது. கேட்க வார்த்தையும் இல்லை, நேரமும் இல்லை. சேலை முந்தானையால் பிடித்து இறக்கி, கொதிக்கிற டீயை மணலில் கொட்டினேன், பெரிய கரண்டியை எடுத்துக்கொண்டேன். தண்ணீருக்குள் முழங்கால் அளவு போய் நின்று தட்டினேன். எண்ணெய்த் தகரத்தின் சத்தம் வரவில்லை, ஆனால் அதைவிடக் கூர்மையாக இருந்தது. தட்டிக்கொண்டே "ஆனை! ஆனை!" என்று கத்தினேன். நிவேதாவும் என் பக்கத்தில் வந்து நின்று கத்தினாள். எங்களுக்குப் பின்னால் யாரோ என்ன கத்துகிறார்கள் என்று கேட்டதும், பாவம், பயத்தில் அந்த அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இன்னொருவர் சொன்னதும் அவள் காதில் விழுந்ததாம். பிற்பாடு சொன்னாள்.

கூவல் நின்றுவிட்டது. தட்டினேன். உட்கார்ந்திருப்பவர்தான் கூவுவார், ஓடுகிறவர் கூவ மாட்டார். அதை நம்பித்தான் தட்டினேன். ஆனால் கூவல் நிற்க வேறு காரணமும் இருக்கலாம். அதை நினைக்காமல் இருப்பதற்காகவும் தட்டினேன். கரண்டிக் காம்பு வளைந்தது. கை எரிந்தது. போடி மாரியம்மனிலிருந்து பெயர் தெரியாத அந்தத் தீவுத் தெய்வம் வரை எல்லோரையும் கூப்பிட்டேன்.

வெள்ளைக்குள் ஒரு கறுப்பு தெரிந்தது. உயரமாக, இரண்டு தலையோடு. மார்பளவு தண்ணீரில் என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். கழுத்தில் இனியா. ரத்தன் டியூபைத் தூக்கி எறிந்து பாதிப் பள்ளத்தில் அவர்களைப் பிடித்துவிட்டார். பிறகு ஓடியவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவில்லை. கண்ணை மூடிய அந்த அப்பாவும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

கரையேறியதும் என் வீட்டுக்காரர் திரும்பிக் கடலைப் பார்த்தார், பிறகு தென்னந்தோப்பைப் பார்த்தார்.

"எங்குட்டு ஆனை?" என்றார்.

அவரை அடித்தேன். ஊர் பார்க்க, கையிலிருந்த கரண்டியாலேயே தோளிலும் முதுகிலும் அடித்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணுக்காலில் ஏறிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். புரிந்ததும் ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

இனியாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை, மடியில் அடங்கவில்லை. முதலில் பாறைமேல் உட்கார்ந்தார்களாம். தண்ணீர் பாறையை மூடியதும் எழுந்து அதே இடத்தில் நின்றார்களாம். பிறகு அப்பா தோளில் ஏற்றிக்கொண்டாராம். நகர்ந்தால் பள்ளத்தில் விழுந்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன் என்று அவர் முனகினார். ரொம்பப் பயந்துவிட்டாயா என்று இனியாவைக் கேட்டேன்.

"இல்லம்மா. நகராம இருந்தா யாராச்சும் வருவாங்கன்னு நீதான சொன்ன?" என்றாள். "அதான் பயப்படவே இல்ல."

அதைக் கேட்டபோது வந்த பயம் கடலைப் பார்த்தபோதுகூட வரவில்லை. அந்த ராத்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மீதி நாட்களுக்கு நிவேதா போட்டுவைத்திருந்த ஆழ்கடல் நீச்சலையெல்லாம் அவளாகவே ரத்து செய்தாள். நாங்கள் கத்தரித் தோட்டம் பார்த்தோம். கிளம்புகிற அன்று மினோதியின் கடைக்குப் போனேன். சட்டி ஒரு பக்கம் அமுங்கி, சப்பையாகி, அடுப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதிலேயே டீ வைத்துக்கொண்டிருந்தாள். அன்று என்ன சொல்லிக் கத்தினாய் என்று நிவேதா மூலம் கேட்டாள். யானை என்றதும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, சரி, யானை வந்ததா என்று கேட்டாள்.

"வந்துச்சு, போயிருச்சுன்னு சொல்லு" என்றேன்.

மினோதி தலையாட்டினாள். ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த புதுத் தூக்குவாளியையும் மிச்சமிருந்த ஏலக்காயையும் அவளிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சப்பைச் சட்டியை நான் வாங்கிக்கொண்டேன். விமான நிலையத்தில் பையைச் சோதித்த பெண் அதை வெளியே எடுத்து, இதில் என்ன விசேஷம் என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் ஓடுவீங்க என்று சிலமலை அண்ணன் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லப் போகவில்லை.

சட்டியை இவர் தோட்டத்துக் கொட்டகையில் பழைய தகரத்துக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டார். ஜூலையில் முதல் காய் எடுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இனியாவும் எங்களோடு ஜீப்பில் ஏறி வந்தாள். மழை விட்டிருந்தது. அப்பாவோடு செடிகளுக்குள் போனாள். பேச்சியக்காவும் மற்றப் பெண்களும் சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கொட்டகையில் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சு இறங்கியது.

எல்லாம் முறைப்படிதான் நடந்தது. நான் கூவினேன். இவர் பதில் கூவினார், இனியா கூவினாள். சரிவில் பெண்கள் கூவினார்கள். இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள், யாரோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதுகூடக் காதில் விழுந்தது. எந்த ஆபத்தும் இல்லை. அங்கே உட்கார்வதுதான் சரி, எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் வாசலில் நின்று அந்த வெள்ளையைப் பார்த்தேன். கீழே ஓடையில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. இனியா மறுபடி கூவினாள், நிதானமாக, பயமே இல்லாமல்.

கை தானாகக் கரண்டியை எடுத்துச் சட்டியைத் தட்டிவிட்டது.

கூடைகள் உருளுகிற சத்தம் கேட்டது. பெண்கள் அலறிக்கொண்டு சரிவில் ஏறி வந்தார்கள். இனியாவை இழுத்துக்கொண்டு இவர் செடிகளைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்க வந்து நின்ற பேச்சியக்கா, "எங்குட்டு ஆத்தா? எத்தன உருப்படி?" என்றார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். பொய்க்குத் தட்டியவர்களை அந்த மனுஷி சும்மா விட்டு நான் பார்த்ததில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

இவர் நான் தட்டியது எதை என்று பார்த்தார். பழைய தகரம் அசையாமல் இருந்தது, மினோதியின் சட்டிதான் ஆடிக்கொண்டிருந்தது. இனியாவின் தோளில் இருந்த கையை எடுக்காமலே, "வந்துச்சு, போயிருச்சு" என்றார். "உள்ள வாங்க ஆத்தா, ஒரு வாய் டீயக் குடிச்சிட்டு இறங்குவோம்."

பேச்சியக்கா என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார். இனியா ஈரத்தோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சு விலகுகிறவரை எல்லோரும் கொட்டகைக்குள்ளேயே இருந்தோம்.